ட்யூனர் கார்டை மாற்றும் முன் கேபிளைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கம்ப்யூட்டர் இணைப்பிதழில் ஒரு வாசகர், கம்ப்யூட்டரில் ட்யூனர் கார்டு (கேபிள் டிவி சிக்னலைக் கம்ப்யூட்டரில் காட்டும் கருவி) போட்டு டிவி பார்த்தால் படம் மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் தெரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். விலை குறைந்த கார்டு என்றால் அப்படித்தான் இருக்கும், நல்ல கார்டாக வாங்கிப் போடுங்கள் என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அந்தப் பதிலை நம்பிக் கடைக்குக் கிளம்புகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் கோவில்பட்டியில் ஒன்பது வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். படம் சரியில்லை என்று என்னிடம் வந்த ட்யூனர் கார்டுகளில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு கோளாறும் இல்லாதவை.

சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஒரு பையில் இரண்டு பெட்டிகளோடு கடைக்கு வந்தார். ஒன்று 1,400 ரூபாய்க்கு வாங்கிய உள்ளே பொருத்தும் கார்டு. அதில் படம் சரியில்லை என்றதும், கடைக்காரர் சொன்னபடி 2,800 ரூபாய் கொடுத்து யுஎஸ்பி-யில் செருகுகிற இன்னொன்று வாங்கியிருக்கிறார். அதிலும் அதே படம். கேபிள்காரரிடம் சொன்னால், "உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு, டிவியில நல்லாத்தானே தெரியுது?" என்று போய்விட்டாராம். சாருக்குப் பணம் போனதைவிட வேறொன்றுதான் பெரிய வருத்தம். 2007 செப்டம்பர் 24-ம் தேதி ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டி20 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதி ஆட்டம். ஹால் டிவியில் வீட்டம்மா சீரியல் பார்க்க, இவர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைசி ஓவரில் பாகிஸ்தானின் மிஸ்பா பந்தைப் பின்பக்கம் தூக்கிவிட்டபோது, பந்து எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஸ்ரீசாந்த் பிடித்ததைப் பக்கத்து வீட்டு வெடிச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாராம். "அந்த ஒரு பந்தைப் பாக்காம விட்டுட்டேனே தம்பி" என்றார்.

அவர் வீட்டுக்குப் போனேன். கார்டைத் தொடவே இல்லை. ஜன்னல் வழியாக வரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். மாடிப்படிக்கு அடியில் வயரைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ஸ்பிளிட்டர், அது கீழே குடியிருப்பவர்களுக்கு. ஹாலில் டிவிக்குப் பின்னால் இன்னொன்று. அறைக் கதவுக்கு மேலே மூன்றாவது. அதில் ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மற்றது முன்பு அங்கே இருந்த சின்ன டிவிக்குப் போட்டு, டிவியை எடுத்த பிறகு சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொன்றும் சிக்னலைப் பாதியாக்கும், பாதிக்குக் கொஞ்சம் குறைவாகவே கொடுக்கும். மூன்றைத் தாண்டி வந்தால் எட்டில் ஒரு பங்கு கூடத் தேறாது. தொங்கும் முனையில் சிக்னல் முட்டித் திரும்புவதால் படத்தில் நிழல் வேறு விழும்.

இவ்வளவையும்விட மோசமானது ஜன்னல் ஓரத்தில் இருந்தது. வயரை நீட்டுவதற்காக இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தேன். உள்ளே கம்பி பச்சையாகக் களிம்பு பிடித்து, விரலால் தொட்டதும் ஒரு இழை உதிர்ந்து விழுந்தது. வெளிச் சுற்றில் இருக்கும் பின்னல் கம்பி ஒரு பக்கம் ஒட்டவே இல்லை. அந்தப் பின்னல்தான் வெளி இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பது. அது விட்டுப்போனால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்-இன் இரைச்சல் முழுக்கப் படத்தில் சாய்கோடுகளாக வந்து நிற்கும்.

ஜாயின்ட்டை வெட்டி எறிந்தேன். மூன்றாவது ஸ்பிளிட்டரைக் கழற்றினேன். ஹாலிலிருந்து அறைக்கு ஆர்ஜி-6 என்ற கேபிள் டிவி வயர் ஒரே துண்டாக இழுத்து, இரு முனையிலும் திருகு கனெக்டர் போட்டேன். வயரும் கனெக்டரும் சேர்த்து 180 ரூபாய். முதலில் வாங்கிய 1,400 ரூபாய் கார்டைத்தான் மறுபடி போட்டேன், கிராபிக்ஸ் கார்டுக்கு ஒட்டி இருந்த இடத்தை விட்டுத் தள்ளிக் கடைசி ஸ்லாட்டில். புள்ளியும் இல்லை, சாய்கோடும் இல்லை.

சரி, பந்து தெரியாத கதை? அது கேபிள் பிரச்சினை அல்ல. நம் டிவி பி.ஏ.எல். என்ற ஒளிபரப்பு முறை. மொத்தம் 625 வரி, அதில் படமாகத் தெரிவது 576. வினாடிக்கு 25 முழுப் படம், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு பாதியாக வருகிறது. ஒற்றைப்படை வரிகள் முதலில், இரட்டைப்படை வரிகள் அடுத்து. பிக்சர் ட்யூப் டிவி அதை வந்த வரிசையிலேயே வரைந்துவிடுவதால் கண்ணுக்கு உறுத்தாது. கம்ப்யூட்டரோ இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டுகிறது. இரண்டு பாதிக்கும் நடுவே வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஓடியிருக்கும். அதற்குள் பந்து நகர்ந்திருக்கும். அதனால் ஓடுகிற எதுவானாலும் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிய்ந்து தெரியும். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்துகளைப் பார்த்தால் உடனே பிடிபடும். நின்றால் அழகாக இருக்கும் ‘ழ’ ஓடும்போது கிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். இதைச் சரிசெய்ய டீஇன்டர்லேஸ் என்ற வசதி கார்டோடு வரும் மென்பொருளிலேயே பெரும்பாலும் இருக்கிறது, செட்டிங்கில் போய் ஆன் செய்தால் போதும். இல்லாவிட்டால் டிஸ்கேலர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது; பிடி878 சிப் உள்ள சாதாரண கார்டுகளில் அது இந்த வேலையை மிக நன்றாகச் செய்கிறது. சாருக்கு அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

அவர் கேட்ட ஒரு கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். "இதே மானிட்டரில் டிவிடி போட்டால் பளிச்சென்று இருக்கிறதே?" நியாயமான கேள்வி. டிவிடியிலும் 576 வரிக்கு மேல் கிடையாது. ஆனால் அது மாடிப்படி ஸ்பிளிட்டரையும் களிம்பு பிடித்த ஜாயின்ட்டையும் தாண்டி வரவில்லை, நிறமும் வெளிச்சமும் தனித்தனியாக வருகின்றன. வரி எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் இவ்வளவு வித்தியாசம் என்றால், வந்த வழிதான் காரணம். தூர்தர்ஷனின் டிடி டைரக்ட் பிளஸ் போல டிஷ் வைத்திருப்பவர்கள் இதை வீட்டிலேயே பார்க்கலாம். செட்டாப் பாக்ஸிலிருந்து ஆன்டெனா வயர் வழியாகக் கார்டுக்குக் கொடுக்காமல் மஞ்சள் ஏவி வயரில் கொடுங்கள், நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாகக் கொடுக்கும் எஸ்-வீடியோ இருந்தால் அதில் கொடுங்கள். அதே கார்டா என்று கேட்பீர்கள்.

மானிட்டரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 17 இஞ்ச் எல்சிடி பெரும்பாலும் 1280க்கு 1024 பிக்சல் கொண்டது. எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று பலர் 1024க்கு 768 வைத்துவிடுகிறார்கள், அதில் எல்லாமே மழுங்கும். படம் வெளிறித் தெரிந்தால் பிரைட்னஸைக் குறைத்துப் பாருங்கள். டிவி படத்தைக் கார்டு 0 முதல் 255 வரையான எண்களாக மாற்றும்போது கறுப்பு என்பது 0 அல்ல, 16. மென்பொருள் அதைச் சரிசெய்யாவிட்டால் தலைமுடி கூடச் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். இத்தனையும் செய்த பிறகும் பத்தடி தள்ளிப் பார்க்கும் டிவியின் தோற்றம் இரண்டடியில் பார்க்கும் மானிட்டரில் வராது. விற்கிறவர்கள் இதை வாங்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

கேபிள் நடத்தும் நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரண்டாவது இணைப்பு கேட்டால் முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகாதீர்கள். ஒரு கனெக்டர் பத்து ரூபாய்தான்.

ஆசிரியர் அவர்கள் அடுத்த இணைப்பிதழில் அந்த வாசகருக்கு ஒரு வரி சேர்த்துப் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்: கம்ப்யூட்டருக்கு வரும் அதே வயர் முனையைக் கழற்றி ஒரு டிவியில் செருகிப் பாருங்கள், அங்கேயும் புள்ளி அடித்தால் கார்டு வாங்க வேண்டாம். சாருடைய இரண்டாவது கார்டைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். பெட்டி பிரித்தபடி என் மேஜைமேல்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
கோவில்பட்டி.
அக்டோபர் 2007