பழைய பள்ளிவாசல் திருப்பணி நிறைவு: ஜமாஅத்தாருக்கு அறிக்கை

ஜமாஅத்தார்கள் அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் கிருபையால் நம் பழைய பள்ளியின் திருப்பணி முடிந்தது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் இருக்கிறது. பெரும்பகுதி கூலிக்கே போயிருப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு செலவழிச்சும் புதுசா ஒண்ணும் கட்டலையே" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்தத் திருப்பணியில் கட்டியதைவிட அகற்றியதுதான் அதிகம்.

சுவருக்குள் இருப்பது பவளக்கல். பழைய பூச்சு சுண்ணாம்பு. இரண்டும் ஈரத்தை வாங்கும், வெளியேயும் விட்டுவிடும். பின்னாளில் அதன்மேல் சிமெண்ட் பூச்சும் எனாமல் பெயிண்டும் இடுப்பளவுக்கு டைல்ஸும் ஏறின. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்புப் பூத்தது. தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபை ஒட்டிய சுவரில் விரலால் தட்டினாலே பொலபொலவென்று கொட்டியதை எல்லோரும் பார்த்தீர்கள். சிமெண்டைக் கையுளியால்தான் எடுத்தோம். நீற்றிய சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினோம். ஒரு பூச்சு காயாமல் அடுத்ததைப் போட முடியாது. ரமலானுக்குள் முடியாமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அரித்த கல்லுக்குப் பதில் புதிதாக வெட்டிப் போடலாமே என்றும் கேட்டார்கள். பவளப்பாறை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; வெட்டி எடுக்கக் கூடாது. எனவே இடிந்து கிடந்த நம் சுற்றுச்சுவர்க் கற்களையே பயன்படுத்தினோம். போதாத இடத்தில் செங்கல்.

தூண்களை எந்திரத்தால் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு என்றார்கள். அது கல்லின் மேல்தோலையே உரித்துவிடும்; வேண்டாம் என்றோம். பெயிண்டை மருந்து தடவி, நார் பிரஷால் தேய்த்து எடுத்தார்கள். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் பொதிகையில் வெறும் உருண்டையாகத் தெரிந்தது வாழைப்பூ முனை என்பது அப்போதுதான் தெரிந்தது. இதழ் இதழாக வெட்டியிருக்கிறார்கள். கீழக்கரை ஜும்மா பள்ளியில் உருவம் இல்லாமல் பூ வேலை மட்டும் செய்திருக்கிறார்களே, அதே மரபு.

உயரமான மினாரா கேட்டவர்களுக்கு: இந்தக் கரையின் பழைய பள்ளிகள் கல் மண்டபமாகவே நிற்பவை. நம்முடையதும் அப்படியே நிற்கட்டும்.

'ஆயிரம் வருடப் பள்ளி' என்று கல்வெட்டில் பொறிக்கச் சொன்னதையும் ஏற்கவில்லை. திருப்புல்லாணிக் கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று சோனகர்கள், அதாவது முஸ்லிம்கள், தொழுத சோனகச் சாமந்தப் பள்ளிக்குக் கொடுத்த மானியத்தைச் சொல்கிறது. இந்தக் கரையில் அந்தக் காலத்திலேயே பள்ளி இருந்ததற்கு அது சாட்சி. நம் பள்ளியின் வயதுக்கு அல்ல.

தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டியான ஹவுளில் சேறு வாரியாகிவிட்டது. ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி ஒளுச் செய்வதால், வெளியே தனிக் குழாய் வரிசையும் போட்டிருக்கிறோம். பெண்கள் தொழும் பக்கத்துத் தளம் மட்டும் பாக்கி. மழைக்குப் பிறகு தொடங்கும்.

இனி ஃபேனோ ஸ்பீக்கரோ மாட்டத் தூணில் துளை போடக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு மட்டுமே அடிக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பு கொஞ்சம் மீதி இருக்கிறது. பழைய வீடு வைத்திருப்பவர்கள் மோதினாரிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். சட்டி நீங்களே கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு