திரும்பி வருவதும் ஒரு பிரிவுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகள் வெளியூரில் இருந்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளைகள் ஏன் மாதக்கணக்கில் பேச்சற்றுப் போகிறார்கள் என்று கேட்டு, உசிலம்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த தாய் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். அவருடைய மகன் ராணுவத்திலிருந்து வந்தவர். நான் வந்தது முற்றிலும் வேறான ஒரு பணியிலிருந்து. ஆனாலும் அவர் விவரித்திருந்த அதே மௌனத்தோடுதான் 2015 நவம்பரில் மேலூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாய்க்கு யாராவது பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

நான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவன். மார்மன் சபை என்றால்தான் பலருக்குப் புரியும். அந்தப் பெயரைத் தவிர்க்குமாறு சபைத் தலைமை 2018-இல் கேட்டுக்கொண்டது. கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தபோது, இருபதாவது வயதில், என் சொந்த முடிவாக அதில் சேர்ந்தேன். என் பெற்றோர் இன்றும் தங்கள் குலதெய்வ வழிபாட்டிலேயே இருக்கிறார்கள். எவர் வழி சரியானது என்று வாதாட இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. பிரிவைப் பற்றி அந்த இரண்டு ஆண்டுகளில் நான் பட்டதையும் அறிந்ததையும் மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் சபையில் இளைஞர்கள் 24 மாதங்களையும் இளம்பெண்கள் 18 மாதங்களையும் முழுநேர ஊழியத்துக்கு, அதாவது மிஷனரிப் பணிக்கு, கொடுப்பது வழக்கம். 2023 இறுதியில் உலகெங்கும் 67,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு ஊழியத்தில் இருந்தார்கள். ஊதியம் கிடையாது. எந்த ஊர் என்பதை நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது. அழைப்புக் கடிதத்தைப் பிரித்த பின்னரே தெரியும். எப்போதும் இருவர் இருவராகவே வசிக்க வேண்டும். குளியலறைக்குச் செல்லும் நேரம் தவிர, கம்பேனியன் எனப்படும் அந்தத் துணையின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாறுதல் அறிவிப்பு வரும். நாம் வேறு ஊருக்குப் போகலாம், துணைவர் போகலாம், அல்லது இருவருமே இருந்த இடத்தில் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 17 முறை இந்த அறிவிப்புக்காகக் காத்திருந்திருக்கிறேன். வாரக் கடைசியில் தொலைபேசி மணி அடிக்கும். வாரத்தின் நடுவில் இரண்டு பெட்டிகளோடு ரயில் நிலையத்தில் நிற்போம்.

மதுரை மக்களுக்கு மிஷனரி என்றால் நினைவுக்கு வருபவர்கள் வேறு வகையானவர்கள். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி தாம் பிறந்த நாட்டுக்குத் திரும்பவேயில்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1656-இல், மயிலாப்பூரில் இறந்தார். 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்களும் பல்லாண்டுகள் இங்கே தங்கிப் பள்ளிகளும் கல்லூரிகளும் மருத்துவமனையும் எழுப்பினார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய பிரிவை அவர்கள் சுமந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எங்களுக்கு வாய்த்தவையோ சிறு பிரிவுகள். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

பல ஊர்களை உள்ளடக்கிய பணிப்பகுதியான பெங்களூரு மிஷனுக்கு நான் அழைக்கப்பட்டேன். ஐதராபாத்திலும் விசாகப்பட்டினத்திலும் ராஜமுந்திரியிலும் பணியாற்றினேன். சட்டைப் பையின் மேல் அணியும் கறுப்புப் பெயர்ப்பட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எல்டர், அதாவது மூப்பர், என்ற பட்டத்துக்குப் பின்னால் குடும்பப் பெயரை மட்டுமே அதில் பொறிப்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் தந்தையின் பெயர் இருந்ததால் பட்டையிலும் அதுவே வந்தது. நான் சபையில் சேர்ந்ததிலிருந்து ஓராண்டுக்கு மேல் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசாத என் அப்பாவின் பெயரால், இரண்டு ஆண்டுகள் முழுவதும், முன்பின் அறியாத மனிதர்கள் என்னை அழைத்தார்கள். யாராவது அப்படிக் கூப்பிடும் போதெல்லாம் மேலூர் வீடு ஒரு கணம் கண்முன் வந்து போகும்.

ராஜமுந்திரியில் கோதாவரிக் கரைக்கு அருகில் தனியாக வாழ்ந்த ஒரு முதிய அம்மையாரை வாரந்தோறும் சந்தித்து வந்தோம். அவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டிருந்தது. நான் வேதப் பகுதியை வாசிப்பேன். என் தெலுங்கு உச்சரிப்பை அவர் திருத்துவார். வாசித்து முடித்ததும் கோங்கூரா ஊறுகாய் ஒரு கரண்டி கட்டாயம் உண்டு. ஐந்து மாதங்கள் அப்படிச் சென்றன. மாறுதல் வந்தபோது அவசரமாக வாசலில் நின்றபடியே, நம் ஊரில் சொல்வது போலவே தெலுங்கிலும் சொல்லும் வழக்கம் உண்டென்பதால், “போய் வருகிறேன் அம்மா” என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பி வர மாட்டேன் என்பது எனக்கு ஏறத்தாழத் தெரியும். அழுகையைப் பார்க்க அஞ்சியே அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். எனக்குப் பின் அங்கு வந்தவர் இரண்டு மாதம் கழித்து எழுதினார்: அந்த அம்மையார் ஒவ்வொரு ஞாயிறும் தம் பக்கத்து நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடுவதில்லையாம், பையன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான் என்கிறாராம்.

அந்தக் கடிதத்தைப் படித்த இரவை நான் மறக்கவில்லை. நம் முன்னோர் ‘போகிறேன்’ என்று சொல்லக் கூடாது என்று பழக்கியது அன்பினால்தான்; அந்தப் பழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வர முடியாதவன் வருகிறேன் என்று சொல்லி ஒருவரைக் காத்திருக்க வைத்ததுதான் என் பிழை. அதன் பிறகு ஒவ்வொரு மாறுதலிலும் வேறு விதமாக நடந்துகொண்டேன். நின்றபடி விடைபெறுவதை நிறுத்தினேன். உட்கார்ந்து, நாளை மறுநாள் கிளம்புகிறேன், திரும்ப இந்த ஊருக்கு அனுப்பப்படுவேனா என்று தெரியாது, அனுப்பப்படாமலே போகலாம் என்று சொல்வேன். பிறகு, அவர் எனக்குச் செய்தவற்றில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்லி நன்றி சொல்வேன்: காய்ச்சலில் கஞ்சி கொடுத்தது, மழையில் குடை கொடுத்தது, தெலுங்கு எழுத்தைக் கைபிடித்து எழுத வைத்தது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் கையாலேயே இரண்டு வரி எழுதித் தரச் சொல்வேன். எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளைகளை விட்டு எழுதச் சொல்லி, அடியில் கைநாட்டு வைத்தார்கள். அழுகை வரத்தான் செய்தது. ஆனால் அழுது முடித்துவிட்டு ரயில் ஏற முடிந்தது.

பிடிக்காத துணைவரைப் பிரிவது எளிது என்று நினைத்திருந்தேன். அதுவும் தவறாயிற்று. ஒருவரோடு மூன்று மாதங்கள் ஒத்துப்போகவே முடியவில்லை. சமையல் முதல் விளக்கை அணைக்கும் நேரம் வரை எல்லாவற்றுக்கும் பிணக்கு. செகந்திராபாத் நிலையத்தில் கைகுலுக்கிக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் பிரிந்தோம். அன்பாக இருந்தவர்களைப் பிரிந்த வருத்தம் சில வாரங்களில் தணிந்தது. இவரைப் பிரிந்த விதம் ஆண்டுக்கணக்கில் உறுத்தியது. திருமணமாகிக் குழந்தை பிறந்த பிறகு அவரே என்னைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். அதற்கு நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

என் காலத்தில் வீட்டுக்கு ஆண்டில் இரண்டே முறைதான் தொலைபேசியில் பேசலாம், கிறிஸ்துமஸ் அன்றும் அன்னையர் தினத்தன்றும். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். 2019 பிப்ரவரியில் இந்த விதி மாறி, வாரந்தோறும் பேசவும் காணொளியில் பார்க்கவும் அனுமதி வந்தது. இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்; எந்தத் தாயும் ஆறு மாதம் பிள்ளையின் குரலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஊழியர்களுக்குத் தரப்படும் ஒரு கையேட்டில் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்துக் காட்டி, எந்த நிறத்தில் யாரிடம் உதவி கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் மாதங்களில் தினமும் இரவு நான் எந்த நிறத்தில் இருக்கிறேன் என்று பார்த்துக்கொள்வேன். ‘ஆண்பிள்ளை அழலாமா’ என்று கேட்டு வளர்க்கப்பட்ட எனக்கு, உதவி கேட்பதும் கடமையின் ஒரு பகுதி என்று அச்சில் பார்த்தது பெரிய ஆறுதல்.

2014-இல் என் அப்பாயி இறந்துபோனார். மிஷன் தலைவர் தாமே தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னார். முடிவை என்னிடமே விட்டார். கிளம்பினாலும் அடக்கத்துக்குள் வந்து சேர முடியாது என்பதால் தங்கிவிட்டேன். நெய்ப்பந்தம் பிடிக்க மூத்த பேரன் இல்லை. உறவினர் ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எல்லாப் பிரிவையும் நான் நன்றாகச் செய்து முடித்துவிட்டதாக இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதையும் எழுதுகிறேன்.

ஆறு வாரத்துக்கு ஒரு பிரிவு என்று பழகிய எனக்கு, கடைசிப் பிரிவுக்கு மட்டும் ஒரு பயிற்சியும் இருக்கவில்லை. கோயம்புத்தூரில் சபைத் தலைவர் ஒருவர் என்னை ஊழியத்திலிருந்து விடுவித்தார். அப்பாவின் பெயர் தாங்கிய பட்டையை என் கையாலேயே கழற்றிப் பையில் போட்டேன். அன்று மாலை மதுரை ஆரப்பாளையம் வரும் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் முதல் முறையாகத் தனியாக இருந்தேன். திண்டுக்கல் வரும் வரை பல முறை பக்கத்தில் திரும்பித் துணைவரைத் தேடினேன். அங்கே முன்பின் தெரியாத ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் என்னை வீட்டுக்கு வந்து சேர்ந்தவனாகப் பார்த்தார்கள். எனக்கோ ஒரே நாளில் ஒரு மொழியும் மூன்று ஊர்களும் எத்தனையோ மனிதர்களும் ஒரு பெயரும் கைவிட்டுப் போயிருந்தன. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, வெளிநாடுகளில் இருந்த எங்கள் ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் நாடுகளுக்கு அவசரமாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பழகிய ஒரு வீட்டின் வாசலையும் மிதிக்காமல் விமானம் ஏறியவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள், அடுத்து என்ன வேலை, பெண் பார்க்கலாமா. நான் விட்டு வந்த ஒரு மனிதரின் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. அதனால் நானும் பேசவில்லை.

என் அப்பாயி இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்றே நம்புகிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க ஊரே மதுரைக்குப் போகும். அப்பாயி மட்டும் அழகர் மலைக்குத் திரும்பும் நாளில் வழியிலுள்ள அப்பன் திருப்பதி என்ற ஊரில் போய்க் காத்திருப்பார். “போற சாமியப் பார்க்க ஆயிரம் பேரு இருக்காக, அலைஞ்சு திரும்புற சாமியப் பார்க்கத்தான் ஆள் வேணும்” என்பார். கோயிலுக்குத் திரும்பும் அழகருக்குப் பூசணிக்காயில் சூடமேற்றித் திருஷ்டி கழிக்கிறார்கள். மறுநாள் விழாவின் நிறைவாக உற்சவ சாற்றுமுறை நடக்கிறது. திரும்பி வந்த களைப்பும் கவனிக்கப்பட வேண்டியது என்பதை நம் பக்கத்து மக்கள் எப்போதோ அறிந்திருக்கிறார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் செய்யத்தான் ஏனோ மறந்துவிடுகிறோம்.

வந்து மூன்றாவது வாரம் இருக்கும். ஓரிரவு கரண்ட் போய்விட்டது. அப்பா திண்ணைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, “அந்த ராஜமுந்திரி அம்மா இப்ப எப்படிப்பா இருக்காங்க? நாக்காலி விசயத்தைச் சொன்னியா அவங்ககிட்ட?” என்று கேட்டார். நான் தங்கைக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் மேலூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கணினிக் கடையில் அச்செடுத்துத் தரச் சொல்லி, இரண்டு ஆண்டுகளாக அவர் படித்து வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அன்று விடியும்வரை பேசினேன். ஒவ்வொரு ஊராக, ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அந்த வாரமே ராஜமுந்திரிக்குக் கடிதம் எழுதி, அந்த அம்மையாருக்கு வாசித்துக் காட்டும்படி அங்குள்ள ஒருவரைக் கேட்டுக்கொண்டேன். வர முடியாது என்று தெரிந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தேன். நாற்காலி இனி மற்றவர்களுக்கு என்று சொல்லிச் சிரித்தாராம். ஊறுகாய் ஒரு புட்டி பார்சலில் வந்து சேர்ந்தது.

உசிலம்பட்டித் தாய்க்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். அம்மா, தங்கள் மகனிடம் அடுத்த வேலையைப் பற்றிச் சில வாரங்கள் கேட்காதீர்கள். முகாமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவரின் பெயர் என்ன, அவர் எந்த ஊர்க்காரர், கிளம்பிய அன்று உங்கள் மகனிடம் என்ன சொன்னார் என்று கேளுங்கள். முதல் நாள் பதில் வராவிட்டால் அடுத்த வாரம் மறுபடியும் கேளுங்கள். முடிந்தால் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்,
மேலூர், மதுரை மாவட்டம்.