கோபுர வீட்டைக் கட்டியவர் பெயர் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் ஹாலந்து பார்க்கில் பாடகர் ராபி வில்லியம்ஸ் தன் வீட்டில் நிலவறை நீச்சல் குளம் தோண்டப் போக, பக்கத்து வீட்டுக் கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் தன் பழைய வீட்டுக்குச் சேதம் வரும் என்று எதிர்க்க, இருவரும் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய கதையைச் சென்ற இதழில் சுவையாக எழுதியிருந்தீர்கள். பக்கம் முழுக்க இரண்டு இசைக்கலைஞர்களின் படங்கள். எந்த வீட்டுக்காக இத்தனை வம்போ, அந்த வீட்டுக்கு ஒன்றரை வரி. அதிலும் 'விக்டோரியா காலத்துப் பழைய மாளிகை' என்பதோடு சரி. கட்டியவரின் பெயர்கூட இல்லை. படித்தவர்கள் 'பணக்காரர்களுக்கு வேறு வேலையில்லை' என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் லண்டனில் கட்டட வேலைத் தளங்களில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருக்கும் வீட்டுக்கு அடியில் நிலவறை தோண்டும் வேலைகளையும் பார்த்திருக்கிறேன். இந்த விவகாரத்தில் நான் பேஜ் கட்சி. அவருடைய கிதாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பேஜின் வீடு மெல்பரி சாலை, 29ஆம் எண். பெயர் டவர் ஹவுஸ். வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞர் தான் குடியிருப்பதற்காகத் தானே வரைந்து கட்டிக்கொண்ட வீடு. 1827இல் பிறந்த பர்ஜஸுக்கு அப்பா வசதியான பொறியாளர். சோற்றுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. மனிதருக்கு 13ஆம் நூற்றாண்டு என்றால் உயிர். அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பேராலயம் அவருடையது. வேல்ஸில் பியூட் பிரபுவின் பணத்தில் கார்டிஃப் கோட்டையையும் காஸ்டெல் காக் என்ற கோட்டையையும் கனவில் வருவதுபோல மாற்றிக் கட்டியவரும் அவரே. பம்பாய்க் கலைப்பள்ளிக்கும் 1860களில் ஒரு வரைபடம் போட்டுத் தந்தார். அது காகிதத்தோடு நின்றுவிட்டது.

1875இல் இந்த மனைக்குக் குத்தகை பேசி, 1878இல் குடிபுகுந்தார். 1881 ஏப்ரலில், 53 வயதில், இதே வீட்டில், தானே வடிவமைத்த சிவப்புக் கட்டிலில் உயிர் போயிற்று. கடைசி நாட்களில் பார்க்க வந்தவர்களில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டும் ஓவியர் விஸ்லரும் உண்டு. ஆக, தன் வீட்டில் அவர் வாழ்ந்தது மூன்றே வருடம். அப்போதும் உள்வேலை முடிந்திருக்கவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் சிவப்புச் செங்கல் சுவர், ஓரத்தில் கூம்புக்கூரை போட்ட உருண்டைக் கோபுரம், அவ்வளவுதான். வித்தையெல்லாம் உள்ளே. நடுக்கூடத்தின் விதானத்தில் நட்சத்திர மண்டலங்களைத் தீட்டச் சொல்லியிருக்கிறார். அவர் குடிபுகுந்தபோது வானத்தில் அவை எங்கெங்கே இருந்தனவோ அதே அமைப்பில். கிரகப்பிரவேசத்துக்கு நாள் நட்சத்திரம் பார்க்கும் நமக்கு இது உடனே பிடிபடும். கூடத்துக் கதவுகளில் எது எங்கே போகும் என்பதற்குப் படம்: தோட்டத்துக்குப் போகும் கதவில் பூ, நூலகக் கதவில் புத்தகம், வாசல் கதவில் சாவி.

ஒவ்வோர் அறைக்கும் ஒரு பொருள் வைத்துக்கொண்டார். கூடத்துக்குக் காலம், வரவேற்பறைக்குக் காதல், விருந்தினர் படுக்கையறைக்குப் பூமி, தன் படுக்கையறைக்குக் கடல். அந்தக் கடல் அறையில் கணப்படுப்பின் மேல் ஒரு கடல்கன்னி. விதானத்தில் பொன் நட்சத்திரங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் சின்னக் குமிழ்க் கண்ணாடி. இராத்திரி மெழுகுவத்தி ஏற்றினால் எப்படி மின்னியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேல்மாடியில் குழந்தைகளுக்கென்று பகலுக்கு ஓர் அறை, இரவுக்கு ஓர் அறை. கட்டியவரோ கல்யாணமே செய்துகொள்ளாதவர்!

எனக்கு மிகவும் பிடித்தது நூலகம். அங்கே கணப்படுப்பின் மேல்பகுதி முழுவதும் பாபேல் கோபுரக் கதை, மொழிகள் சிதறிய கதை. உச்சியில் அரசன் நிம்ரோது. அவன் கீழே இலக்கணமே ஊர்வலம் போகிறது: வினைச்சொல் ஓர் அரசி, பெயர்ச்சொற்கள் சுமைகூலிகள், பிரதிப்பெயர்கள் எக்காளம் ஊதுகிறவர்கள். அதற்கும் கீழே ஆங்கில நெடுங்கணக்கைப் பட்டையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதில் 'எச்' என்ற எழுத்து மட்டும் வரிசையை விட்டு நழுவிக் கீழே விழுந்து கிடக்கிறது. லண்டன் சாமானியர்கள் பேச்சில் 'எச்' ஒலியை விழுங்கிவிடுவார்கள் அல்லவா, அதற்கான நையாண்டி. கல்லில் செதுக்கிய இந்தக் கிண்டலுக்கு ஏறக்குறைய 150 வயது ஆகப்போகிறது.

இனி வீடு பட்ட பாடு. பர்ஜஸுக்குப் பிறகு அது அவருடைய மைத்துனர் புல்லனுக்குப் போய், பிறகு சிலர் கைமாறி, கடைசியாகக் கர்னல் கிரஹாம் குடும்பத்தில் இருந்தது. 1949இலேயே அரசு இதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கட்டுரையாளர் இந்தப் பட்டியலை ஏதோ இரும்புக் கவசம்போல எழுதியிருக்கிறார். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். 1962இல் கிரஹாமின் மனைவி இறந்தபோது மிச்சமிருந்த குத்தகையைக் கவிஞர் ஜான் பெச்சமனுக்கு எழுதிவைத்தார். பர்ஜஸின் பெருமையை ஊருக்கு எடுத்துச் சொன்னவர்களில் பெச்சமன் முக்கியமானவர். ஆனால் குத்தகை முடியும்போது பழுதுபார்க்கும் செலவாகப் பத்தாயிரம் பவுண்டு தன் தலையில் விழும் என்று பயந்து விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கவிஞரிடம் அவ்வளவு பணம் ஏது?

1966 வரை வீடு பூட்டிக் கிடந்தது. 1965 ஜனவரியில் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் எழுதிவைத்த கணக்கு இது: வெளிக்கல் அரித்துப்போயிருக்கிறது, கூரையிலும் தளத்திலும் உத்தரங்களைப் பூஞ்சை தின்றிருக்கிறது, பரணெல்லாம் புறா, தண்ணீர்த் தொட்டிகளின் ஈயத்தைத் திருடர்கள் உரித்துக்கொண்டு போய்விட்டார்கள், கண்ணாடிகளும் கணப்படுப்புகளும் உடைபட்டிருக்கின்றன. சாப்பாட்டு அறையின் கணப்படுப்பில் இருந்த புகழ்த் தேவதையின் சிலையையே யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பட்டியலில் ஏறிப் பதினாறு வருடம் ஆன வீடு இது! வேண்டுமென்றே வாடகைக்கு விடாமல் சிதையவிடுகிறார்கள், இடித்துவிட்டு வேறு கட்டத் திட்டம் என்று பெச்சமனே சந்தேகப்பட்டார்.

1966இல் ஜேன் டர்ன்புல் சீமாட்டி வாங்கினார். அரசுப் பாதுகாப்புக் குழுவும் லண்டன் பெருநகர கவுன்சிலும் சேர்ந்து 7,000 பவுண்டு மானியம் கொடுத்தன, கூரை பிழைத்தது. 1969இல் 75,000 பவுண்டுக்கு வாங்கியவர் நடிகர் ரிச்சர்ட் ஹாரிஸ். (ஹாரி பாட்டர் படங்களில் முதலில் டம்பிள்டோராக வந்த அதே தாத்தா.) பியானோக் கலைஞர் லிபராச்சி விலை பேசியும் முன்பணம் கட்டவில்லை என்று தெரிந்து முந்திக்கொண்டாராம். குடிக்கும் கூத்துக்கும் பேர்போன ஹாரிஸ் இந்த வீட்டு விஷயத்தில் மட்டும் படு நிதானம். பர்ஜஸ் காலத்தில் வேலை செய்த கேம்ப்பெல் ஸ்மித் கம்பெனியையே தேடிப்பிடித்து, விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் பர்ஜஸின் வரைபடங்களைப் பார்த்துப் பார்த்துச் சீர்செய்ய வைத்தார். 1972இல் பாடகர் டேவிட் போவியைவிடக் கூடுதல் விலை கேட்டு 350,000 பவுண்டுக்கு ஜிம்மி பேஜ் வாங்கினார். அரை நூற்றாண்டாக அங்கேதான் இருக்கிறார். பர்ஜஸ் இருந்ததோ மூன்று வருடம்.

வேலைத் தளத்தில் இருந்தவனாக ஒரு வார்த்தை. நிலவறைக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப இயந்திரம் மண்ணைக் குடையும்போது பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுவது சத்தம்; சுவர் வாங்குவது அதிர்வு. புது வீடென்றால் மயிரிழை விரிசல் விழும், பூசிவிட்டுப் போய்விடலாம். விரிசலின் குறுக்கே அளவுத் தகடு ஒட்டி, காலையும் மாலையும் கோடு நகர்ந்திருக்கிறதா என்று குறித்துவைப்போம். ஆனால் நூற்றைம்பது வருடப் பூச்சின் மேல் தீட்டிய படமோ, சுண்ணத்தில் பதித்த மொசைக் துண்டுகளோ விட்டுப்போனால், தகடு காட்டும்போது காரியம் கெட்டிருக்கும். வில்லியம்ஸுக்கு 2018 டிசம்பரில் கென்சிங்டன்-செல்சி கவுன்சில் அனுமதி தந்தபோதும், அதிர்வையும் மண் நகர்வையும் எப்படிக் கண்காணிப்பது என்பதை முடிவுசெய்யச் சொல்லி நிபந்தனை வைத்தது. பேஜ் கத்தியிராவிட்டால் அந்த நிபந்தனை இவ்வளவு கறாராக வந்திருக்குமா என்பது என் சந்தேகம். வில்லியம்ஸின் வீடும் லேசுப்பட்டதல்ல. ஓவியர் லூக் ஃபில்டஸுக்காகக் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா 1870களில் கட்டியது. அதையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது.

லண்டனுக்கு வரும் வாசகர்களுக்கு: டவர் ஹவுஸ் தனியார் வீடு, உள்ளே விடமாட்டார்கள். சாலையில் நின்று கோபுரத்தைப் பார்க்கலாம். பர்ஜஸ் செய்வித்த மரச்சாமான்களில் சில பெட்ஃபோர்டின் ஹிகின்ஸ் கலைக்கூடத்திலும், அவருடைய பெரிய புத்தக அலமாரி ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. அவர் கைவண்ணத்தை அறை அறையாகப் பார்க்க வேண்டுமென்றால் லண்டன் பேடிங்டன் நிலையத்தில் ரயில் ஏறுங்கள். இரண்டு மணி நேரத்தில் கார்டிஃப். அங்குள்ள கோட்டைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. அடுத்த இதழில் இடம் இருந்தால் பர்ஜஸின் படம் ஒன்றையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கிழக்கு லண்டன்