எந்த உலோகம் என்று எழுதிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உலோக அலர்ஜி உள்ளவர்களுக்காக உலோகமே இல்லாத செராமிக் பல் இம்ப்ளான்ட் (விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் திருகு) வந்திருக்கிறது என்று உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அளவை வைத்துப் பல் செய்து கொடுக்கும் டென்டல் லேப்பில் வேலை பார்க்கிறேன். மெட்டலை உருக்கி வார்ப்பதும், ஜிர்கோனியா என்ற செராமிக்கைச் சுடுவதும்தான் என் பிழைப்பு. கட்டுரையில் இருந்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அலர்ஜி உள்ள ஒருவர் அதைப் படித்தால், எலும்புக்குள் போகும் திருகைப் பற்றி மட்டும் பயந்துகொண்டு, அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டுவிடுவார். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், வெட்டாமல் போட்டால் நல்லது.

முதலில் அலர்ஜி. நாம் பொதுவாக உலோக அலர்ஜி என்று சொல்வது பெரும்பாலும் நிக்கல் அலர்ஜிதான். கவரிங் கம்மல் போட்டால் காது மடல் புண்ணாகி நீர் வடிகிறது, பேன்ட் பொத்தானோ பெல்ட் பக்கிளோ படுகிற இடத்தில் தொப்புளுக்குக் கீழே கறுத்துத் தடித்து அரிக்கிறது, வாட்ச் போட்ட மணிக்கட்டில் சொறி வருகிறது, இதெல்லாம் அதுதான். சின்ன வயதிலேயே காது குத்தி மலிவான உலோகத்தை மாட்டிவிடுவதால் பெண்களிடம் இது அதிகம். ஐரோப்பாவில் 1994லேயே, தோலில் படும் நகை, பொத்தான், வாட்ச் இவற்றிலிருந்து நிக்கல் இவ்வளவுக்கு மேல் கசியக் கூடாது என்று வரம்பு கட்டிவிட்டார்கள். நம் ஊர்க் கவரிங் கடையில் அப்படி யாரும் அளந்து பார்த்து விற்பதாகத் தெரியவில்லை.

ஆனால் வழக்கமான இம்ப்ளான்ட் திருகு டைட்டானியத்தில் செய்தது. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவருக்கு டைட்டானியமும் ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தம் இல்லை. இரண்டும் வேறு வேறு உலோகம். ஸ்பெயினில் 1,500 இம்ப்ளான்ட் நோயாளிகளை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், டைட்டானியத்துக்கு அலர்ஜி என்று தேறியவர்கள் 9 பேர், அதாவது 0.6 சதவீதம். டைட்டானியம் காற்றுப் பட்ட உடனேயே தன் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலத்தை உண்டாக்கிக்கொள்ளும், எலும்பு வந்து ஒட்டுவது அந்தப் படலத்தில்தான், வெறும் உலோகத்தில் இல்லை. இப்படி எலும்பும் டைட்டானியமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும் என்பதை ஸ்வீடன்காரர் பெர்-இங்வார் பிரானேமார்க் 1950களில் முயல் எலும்பில் கவனித்தார். 1965இல் முதன்முதலாக அவர் இம்ப்ளான்ட் வைத்த நோயாளி நாற்பது வருடம் கழித்து 2006இல் சாகும் வரைக்கும் அதே பல்லில்தான் சாப்பிட்டார். டைட்டானியத்துக்கு இருக்கும் இந்த நீண்ட அனுபவம் செராமிக்குக்கு இன்னும் வரவில்லை, அதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் இருக்கும் திருகு மட்டும்தான். அதற்கு மேல் அபட்மென்ட், அதாவது கேப்பைத் தாங்கும் இணைப்புத் துண்டு, அதற்கும் மேல் கேப். நோயாளி கண்ணாடியில் பார்ப்பது கேப்பை. அந்தக் கேப்பை எதில் செய்கிறோம் தெரியுமா? விலை குறைவான "செராமிக் பல்" என்று கொடுக்கப்படுவதில் ஏராளமானவை மெட்டல் செராமிக். லேப்பில் நிக்கல் குரோம் அலாய் (கலப்பு உலோகம்) பாக்கெட்டில் வரும், சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சின்னச் சின்ன உருளைகளாக. மெழுகில் பல்லின் உள்கூட்டைச் செய்து, மாவில் புதைத்து, அடுப்பில் மெழுகை எரித்துவிட்டு, அந்தக் குழியில் உருக்கிய அலாயைச் செலுத்துகிறோம். ஆறியதும் உடைத்து எடுத்து, ராவி, மணல் அடித்து, அதன் மேல்தான் பீங்கான் பூச்சைப் பூசிச் சுடுகிறோம். வெளியே பார்த்தால் அசல் பல் மாதிரி வெள்ளை. கேப்பைத் திருப்பிப் பாருங்கள், உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிற உலோகம். நாக்குப் பக்கத்தில், ஈறைத் தொடுகிற ஓரத்தில், பல சமயம் பீங்கானே இல்லாமல் ஒரு கோடு மாதிரி உலோகம் வெளியே தெரியும்படி விட்டுவைப்போம், பலத்துக்காக. பாக்கெட்டின் லேபிளைப் படித்தால் அதில் பாதிக்கு மேல் நிக்கல்.

கவரிங் கம்மல் போட முடியாத ஒருவரின் ஈறை ஒட்டி வருடக்கணக்கில் உட்காரப் போகிற பொருள் இது. ஆனால் டாக்டரிடமிருந்து எங்களுக்கு வரும் லேப் ஸ்லிப்பில் என்ன இருக்கும்? பல் எண், நிறம் ஏ2, பி.எஃப்.எம். (உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கேப்), என்றைக்கு வேண்டும், அவ்வளவுதான். எந்த அலாய் என்று எழுதி வருவது அபூர்வம். நோயாளிக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது என்று எழுதி வருவது அதைவிட அபூர்வம். எழுதினால் நிக்கல் இல்லாத கோபால்ட் குரோமிலோ, நேரே ஜிர்கோனியாவிலோ செய்துவிடலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை. (கோபால்ட்டிலும் ஒரு சிக்கல் உண்டு, நிக்கல் அலர்ஜி இருப்பவர்களில் சிலருக்குக் கோபால்ட் அலர்ஜியும் கூடவே இருக்கும், அதனால் அதையும் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.)

இன்னும் மோசமான ஒன்றைச் சொல்கிறேன். செலவைக் குறைப்பதற்காக, டைட்டானியம் இம்ப்ளான்டுக்கு மேல் கம்பெனி அபட்மென்ட் வாங்காமல், பிளாஸ்டிக் குழாயில் மெழுகு வைத்து அபட்மென்டையே நிக்கல் குரோமில் வார்த்துக் கொடுக்கச் சொல்வதும் நடக்கிறது. இரண்டு வேறு உலோகங்கள் எச்சிலில் நனைந்தபடி தொட்டுக்கொண்டிருந்தால் அரிமானம் அதிகமாகும், அரிபடுவது நிக்கல் குரோம்தான், டைட்டானியம் இல்லை. ஈறு சிவந்து, ரத்தம் கசிந்து, வாய் எரிகிறது என்று வருபவரிடம் "உங்களுக்கு டைட்டானியம் சேரவில்லை, எடுத்துவிட்டு செராமிக் வைத்துக்கொள்ளலாம்" என்று சொல்வதற்கு முன்னால், மேலே இருக்கிற கேப்பும் அபட்மென்டும் என்ன என்று பார்க்க வேண்டாமா? எலும்போடு ஒட்டிப்போன திருகைத் தோண்டி எடுப்பது சின்ன வேலை இல்லை. கேப்பை வெட்டி எடுத்து மாற்றுவது ஒரு மத்தியான வேலை.

செராமிக் இம்ப்ளான்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஜிர்கோனியா அருமையான பொருள், தினமும் கையில் பிடிப்பவன் சொல்கிறேன். சுடுவதற்கு முன்பு சாக்பீஸ் மாதிரி இருக்கும், நகத்தால் கீறினால் தூள் வரும். மெஷினில் கடையும்போது வேண்டிய அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகவே கடைவோம், ஏனென்றால் 1,500 டிகிரி சூட்டில் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து உட்காரும். வெளியே எடுக்கும்போது சாதாரண உளி படாது, வைரப் பொடி ஒட்டிய பர் (கடையும் முனை) வேண்டும். ஈறு மெலிந்தவர்களுக்கு முன்பல்லில் டைட்டானியம் சாம்பலாக ஈறு வழியே தெரியும், ஜிர்கோனியா தெரியாது, அழுக்குப் படிவதும் குறைவு. நிஜமாகவே டைட்டானியம் ஒத்துக்கொள்ளாத அந்தக் கொஞ்சம் பேருக்கு இது பெரிய வரம். இன்னொரு விஷயம், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரையில் அள்ளும் கறுப்பு மணலில் டைட்டானியம் எடுக்கும் இல்மனைட்டும் இருக்கிறது, ஜிர்கோனியாவுக்கு மூலமான ஜிர்கானும் இருக்கிறது. 1789இல் ஜெர்மன்காரர் கிளாப்ரோத் ஜிர்கோனியம் என்ற தனிமத்தை முதலில் கண்டுபிடித்ததே இலங்கையிலிருந்து போன ஜிர்கான் கல்லில்தான். இது நமக்கு அந்நியமான பொருள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் பீங்கான் பீங்கான்தான். உலோகம் வளையும், இது வளையாது, தாங்காவிட்டால் உடையும். 2001இல் ஒரு பிரெஞ்சு நிறுவனம் இடுப்பு மூட்டு அறுவைக்காகச் செய்த ஜிர்கோனியா உருண்டைகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே உடைந்து, உலகம் முழுக்கத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. காரணம், சுடும் உலையில் செய்த மாற்றம். சுடுவதில் ஒரு சின்னப் பிசகு என்ன செய்யும் என்பது எங்கள் மாதிரி ஆட்களுக்கு நன்றாகவே புரியும். பல் இம்ப்ளான்டில் இப்போது தயாரிப்பு எவ்வளவோ முன்னேறிவிட்டது, ஆனாலும் ஒல்லியான அளவுகளில் உடையும் அபாயம் கூடுதல், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு வைக்க டாக்டர்களே தயங்குவார்கள். செராமிக் இம்ப்ளான்டில் நிறைய மாடல்கள் ஒரே துண்டு, திருகும் அபட்மென்டும் சேர்ந்தே இருக்கும். சாய்வாக இறங்கிவிட்டால் அபட்மென்டை மாற்றிச் சரிசெய்ய வழி இல்லை, எலும்பு ஒட்டும் மாதங்களில் நாக்கும் சாப்பாடும் அதை இடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு துண்டாக வரும் மாடல்களும் உண்டு, ஆனால் அவற்றில் சிலவற்றில் இரண்டையும் இணைக்கும் சின்னத் திருகு டைட்டானியம். உலோகம் துளிகூட வேண்டாம் என்று கூடுதல் பணம் கொடுத்தவர் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, அலர்ஜி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல் கிளினிக்குக்கு முன்னால் தோல் டாக்டரிடம் போங்கள். முதுகில் நிக்கல், கோபால்ட், குரோமியம் உப்புகளைச் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டி, 2 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அப்புறம் இன்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதற்குப் பேட்ச் டெஸ்ட் என்று பெயர். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது, நம் ஊர் சித்திரை வெயிலில் அது சிரமம், மார்கழி பக்கம் வைத்துக்கொள்வது உத்தமம். நிக்கலுக்கு இந்தச் சோதனை நம்பகமானது. டைட்டானியத்துக்கு அவ்வளவு நம்ப முடியாது, டைட்டானியம் ஆக்ஸைடு தோலைத் தாண்டி உள்ளே போவதே கஷ்டம். டைட்டானியத்துக்கென்று ரத்தப் பரிசோதனை விற்கிறார்கள், அதை நம்பலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆக, ஒரு பேப்பர் ரிப்போர்ட்டை மட்டும் காட்டி "செராமிக் வைத்தே ஆக வேண்டும்" என்று அவசரப்படுத்தினால், இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். வாய்க்குள் என்ன பொருள் வைக்கப்பட்டது என்பதை நோயாளியின் கையில் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017இல் வந்த மருத்துவக் கருவிச் சட்டப்படி, உடம்புக்குள் பொருத்தும் கருவிக்கு அதன் பெயர், மாடல், எண் எல்லாம் உள்ள அட்டை நோயாளிக்குத் தர வேண்டும். ஆனால் அங்கேயும் பல் கேப்புக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே இம்ப்ளான்ட் பெட்டியில் பேட்ச் எண்ணோடு (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண்) கிழித்து ஒட்டுகிற ஸ்டிக்கர் இருக்கிறது, நல்ல டாக்டர்கள் அதை நோயாளிக்கே கொடுக்கிறார்கள். கேப்புக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அலாய் பாக்கெட்டில் கம்பெனி, பேட்ச் எண், எது எத்தனை சதவீதம் என்று எல்லாமே அச்சடித்திருக்கிறது, ஆனால் அந்தப் பாக்கெட் எங்கள் லேப் அலமாரியோடு நின்றுவிடுகிறது. நோயாளியின் பில்லில் "செராமிக் கிரவுன்" என்று மட்டும் எழுதியிருக்கும். பல வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் வாய்ப்புண்ணோடு போய் நிற்கும்போது, உள்ளே இருப்பது நிக்கலா கோபால்டா என்று அவரால் பார்த்துச் சொல்ல முடியுமா? பல் மருத்துவக் கவுன்சிலும் சுகாதாரத் துறையும் மனது வைத்தால், பில்லில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி உத்தரவு போடுவதற்கு ஒரு பைசா செலவு கிடையாது.

இதைப் படித்துவிட்டு வாயில் இருக்கும் பழைய கேப்பை எல்லாம் கழற்றச் சொல்லி யாரும் ஓட வேண்டாம். தோலைவிட வாய் இந்த விஷயத்தில் பொறுமைசாலி, எச்சில் கழுவிக்கொண்டே இருக்கிறது. நிக்கல் அலர்ஜி இருந்தும் நிக்கல் கேப்போடு தொந்தரவே இல்லாமல் இருப்பவர்கள் நிறைய. எரிச்சல், கேப்பை ஒட்டி மட்டும் ஈறு வீக்கம், கேப் உரசுகிற கன்னத்தின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் காட்டுங்கள். புதிதாகக் கட்டப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பல் கிளிப் போடப் போகிறவர்கள், கம்மல் அலர்ஜி இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிளிப்பில் போடும் நிக்கல் டைட்டானியம் கம்பியில் பாதி நிக்கல்தான்.

எங்கள் லேப்பில் இப்போது அலாய் பாக்கெட் லேபிளின் நகல் ஒன்றைக் கேப்போடு சேர்த்து டப்பாவுக்குள் வைத்து அனுப்புகிறோம். சில டாக்டர்கள் அதை நோயாளியின் ஃபைலில் ஒட்டிவிட்டு எங்களுக்கு போன் செய்து சந்தோஷப்பட்டார்கள். சிலர் குப்பையில் போடுகிறார்கள் என்பதும் தெரியும். உங்கள் டாக்டர் புதுக் கேப்பைப் பொருத்தும்போது அந்த டப்பாவுக்குள் இருந்த சீட்டைக் கேளுங்கள், இல்லை என்றால் லேப்பில் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள், நாங்கள் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பல் லேப் தொழிலாளி ஒருவர்,
ஈரோடு.