அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கலாம்

அன்புள்ள ஜான் ஸ்டைன்பெக் அவர்களுக்கு,

1937-இல் வந்த உங்கள் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' நாவலை மூன்றாம் முறை படித்து முடித்த கையோடு எழுதுகிறேன். பண்ணை முதலாளியின் மகனைக் கட்டிக்கொண்டு வந்த அந்தப் பெண்ணுக்கு ஏன் பெயர் வைக்கவில்லை?

லாயத்தில் ஒதுக்கிவைக்கப்பட்ட கறுப்பினத் தொழிலாளி குரூக்ஸுக்குப் பெயர் இருக்கிறது. கதை தொடங்கும் முன்பே செத்துப்போன கிளாரா அத்தைக்கும் இருக்கிறது. ஆண்கள் போய்வரும் விடுதியை நடத்தும் சூசிக்கும் இருக்கிறது. பண்ணை முதலாளிக்கும்தான் பெயர் இல்லை என்பீர்கள். சரி, அவருக்கு அதிகாரம் இருக்கிறது, பெயர் தேவையில்லை. இவளுக்கு என்ன இருக்கிறது? கடைசிவரை 'கர்லியின் மனைவி'.

அவள் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே பண்ணையில் வேலை பார்க்கும் கேண்டி கிழவர் அவளைப் பற்றி வம்பு பேசி முடித்துவிடுகிறார். அப்புறம் நீங்கள் சிவப்பு நகம், சிவப்புச் செருப்பு, அதில் தீக்கோழி இறகு என்று காட்டுகிறீர்கள். முதல்முறை படித்தபோது நானும் கிழவர் பக்கம்தான் இருந்தேன்.

களஞ்சியத்தில், முரட்டு பலமும் குழந்தை மனசும் கொண்ட கூலியாள் லென்னியிடம் மட்டும் அவள் மனம்விட்டுப் பேசுகிறாள். சினிமாவில் சேர்த்துவிடுவதாக ஒருவன் சொன்னது, வராமலே போன அவன் கடிதம், அதை அம்மாதான் திருடியிருப்பாள் என்ற சந்தேகம், அந்த வீம்பில் கர்லியைக் கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான். லென்னியின் கையிலேயே கழுத்து முறிந்து வைக்கோலில் கிடக்கும்போது அவள் முகம் இனிமையானது, இளமையானது என்று எழுதுகிறீர்கள். உயிரோடு இருந்தபோது எழுதியிருக்கலாமே!

நீங்கள் அறியாமல் எழுதியதாகவும் சொல்ல முடியவில்லை. பிராட்வே மேடையில் அவளாக நடித்த கிளேர் லூஸுக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். அவள் நல்ல பெண், யாரையும் நம்பக் கூடாது என்று கற்றுக்கொண்டே வளர்ந்தவள், எந்த ஆணும் அவளை மனுஷியாகப் பார்த்ததில்லை என்று அதில் உருகியிருக்கிறீர்கள். நடிகைக்குச் சொன்னதை வாசகனுக்குச் சொல்லவில்லை. பண்ணை ஆட்களின் கண்ணால் அவளைப் பார்க்கவைப்பதுதான் உத்தி என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். உத்திதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது அவள்.

இரண்டு வருஷம் கழித்து 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' எழுதினீர்கள். ஓக்லஹோமாவிலிருந்து கலிஃபோர்னியா வரை ஜோடு குடும்பத்தைச் சிதறவிடாமல் இழுத்துப்பிடிக்கிறவள் அந்த வீட்டு அம்மா. நீங்கள் படைத்த பெண்களில் எனக்கு மிகப் பிடித்தவள். கணவர் பெயர் டாம், மகன் பெயரும் டாம். அவள் வெறும் 'மா'. யாராவது நடிகை கேட்டிருந்தால் அவளைப் பற்றியும் ஒரு கடிதம் எழுதியிருப்பீர்களோ என்னவோ.

இப்படிக்கு,
உங்கள் வாசகி