கூடத்தில் −118, மாடியில் −97

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தம்பி சென்ற வாரம் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனான். மற்றச் செய்திகளையெல்லாம் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது வீட்டு இணையத்தைப் பற்றி மட்டுமே.

கடைசியாகப் பேசியபோது, போனை வைக்கும் நேரத்தில், "அங்கே நெட் ஒழுங்காக இருந்தால் வந்து கொஞ்ச நாள் இருந்தே வேலை பார்ப்பேன்" என்றாய். அதைப் பேச்சுவாக்கில் சொன்னாயா, நினைத்துத்தான் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே வேலையில் இறங்கிவிட்டேன். அம்மாவின் சிம், என்னுடைய பழைய சிம், புதிதாக வாங்கிய ஒன்று என மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டு, காலை ஐந்து, பகல் பதினொன்று, இரவு ஒன்பது ஆகிய மூன்று வேளையும் அளந்து, பத்தொன்பது நாட்களாக ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி வருகிறேன். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் கையில் நோட்டு கிடைத்தால் இப்படித்தான் ஆகும் என்று அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போனின் மேல் ஓரத்தில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்பாதே. எந்த அளவுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதைப் போன் செய்பவர்கள் அவரவர் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். தம்பியும் நானும் ஒரே சேவை. கூடத்தில் ஒரே நாற்காலியில் வைத்துப் பார்த்தோம். அவன் போன் மூன்று கோடு காட்டியது, என்னுடையது ஒன்றுதான் காட்டியது. அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றிய பக்கத்தில் சிம் நிலையைத் திறந்தால், அலை எவ்வளவு வலுவாக வந்து சேர்கிறது என்பதைக் காட்டும் ஓர் எண், டிபிஎம் என்ற அலகோடு இருக்கும். அது எப்போதும் குறை எண்ணாகத்தான் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. 4ஜி சேவையில் −90ஐ ஒட்டி இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம், −110க்குக் கீழே இறங்கினால் தொல்லைதான். −3 பெரியதா −7 பெரியதா என்று குழம்பி நீ நோட்டை மூடி வைத்துவிட்டு அழுத நாளில், உன்னை மாடிப் படிக்கட்டில் ஏற்றியும் இறக்கியும் காட்டித்தான் புரியவைத்தேன். அதே படிக்கட்டில் இப்போது நான் போனைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறேன்.

என் பழைய சிம்மில், கூடத்தில் −118 வருகிறது. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே நின்றால் −97. வெறும் இருபத்தொன்றுதானே வித்தியாசம் என்று நினைத்துவிடாதே. டிபிஎம் என்பது டெசிபல் கணக்கு; அதில் பத்து கூடினால் பத்து மடங்கு, இருபது கூடினால் நூறு மடங்கு. ஆக மாடியில் கிடைக்கும் அலையின் திறனில் நூற்றில் ஒரு பங்குகூடக் கூடத்துக்கு வந்து சேர்வதில்லை. ஒரு கான்கிரீட் கூரையும் இரண்டு சுவரும் செய்யும் வேலை அது. இதை எழுதி வைத்த அன்று நான் வெகுநேரம் மாடியிலேயே நின்றிருந்தேன்.

அலைவரிசையையும் பார்க்க வேண்டும். 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் வெகுதூரம் வரும், சுவருக்குள்ளும் ஓரளவு நுழையும். ஆனால் ஒரே நேரத்தில் அதிகம் பேரைத் தாங்காது. 2300, 3500 என்று மேலே போகப் போக வேகம் கூடும், தூரம் குறையும், மரமும் சுவரும் தடுக்கும். அம்மாவின் சிம் தாழ்ந்த அலைவரிசையில் வருவதால் கூடத்திலேயே −104 காட்டுகிறது. அதைப் பார்த்து, இதுவே போதும் என்று நானும் முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வேகத்தைச் சோதித்தால், காலையில் வினாடிக்கு 12 மெகாபிட் வந்த அதே சிம்மில் 2கூட வரவில்லை. செல்போன் கோபுரத்தின் வேகத்தை அதைச் சுற்றியுள்ள எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்; எல்லோரும் வேலை முடிந்து வந்து போனை எடுக்கும் நேரத்தில் நம் பங்கு சுருங்கிவிடுகிறது. காலையில் மட்டும் சோதித்துவிட்டு யாராவது ஒரு சேவையைப் புகழ்ந்தால் அதைக் காதில் வாங்காதே. சேவை நிறுவனங்கள் வெளியிடும் வரைபடத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அது பெரும்பாலும் கணக்குப் போட்டு வண்ணம் தீட்டியது, அதுவும் திறந்த வெளிக்கான கணக்கு. வரைபடத்தில் நம் வீட்டின் மேல் அழகாக வண்ணம் பூசியிருந்ததைப் பார்த்துத்தான் அந்தப் புதிய சிம்மை வாங்கினேன். கூடத்தில் அது பேசவும் இல்லை, எழுதவும் இல்லை.

உன் வேலைக்குப் பதிவிறக்க வேகத்தைவிடப் பதிவேற்ற வேகம்தான் முக்கியம் என்று தோன்றுகிறது. கூட்டத்தில் உன் முகமும் குரலும் போய்ச் சேர வேண்டுமே. நல்ல தெளிவோடு குழுவாகப் பேசுவதற்கு இரண்டு திசையிலும் 3 முதல் 4 மெகாபிட் வேண்டும். இங்கேதான் சிக்கல். கோபுரம் பல பத்து வாட் திறனில் பேசும். நம் கையிலுள்ள போனுக்கு 4ஜியில் அதிகபட்சம் 0.2 வாட். ஆகவே அது சொல்வது நமக்குக் கேட்கும், நாம் சொல்வது அதற்குக் கேட்காது. நீ பேசும்போது எங்களுக்கு எல்லாம் ஒழுங்காகக் கேட்டும், "அப்பா, உங்க குரல் உடையுது" என்று நீ சொல்வது இதனால்தான்.

ஆனால் உன் பக்கம் இந்தச் சிக்கல் இல்லை. உனக்கு வீடு வரை ஃபைபர் இருக்கிறது. கேமராவை அணைத்து வைத்தால் டேட்டா மிச்சமாகும் என்று நீ சொல்வது சரிதான். உனக்கு எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அம்மா இதை உன்னிடம் கேட்கமாட்டாள். ஐந்து மாதமாக அவள் ஒரு கறுப்புச் சதுரத்தைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள். வாசலில் கேமரா பொருத்தினால் அங்கிருந்தே எங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீ சொன்னதையும் விசாரித்தேன். மொபைல் இணையத்தில் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டுத் தருவது வழக்கம் என்பதால், வெளியிலிருந்து நேராக நம் கேமராவுக்குள் வர முடியாது. நிறுவனத்தின் சர்வர் வழியாகப் படம் தரும் வகைதான் வேலை செய்யும். அதுவும் பதிவேற்றத்தை நாள் முழுவதும் தின்றுகொண்டிருக்கும். எனவே கேமரா வேண்டாம். எங்களைப் பார்க்க வேண்டுமென்றால் வந்து பார்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டிய கணக்குக்கு வருகிறேன். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம் 1 முதல் 2 ஜிபி வரை எடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம், மாதத்துக்கு 22 வேலை நாள் என்று வைத்தால் ஓர் ஆளுக்கு 88 முதல் 176 ஜிபி. இருவர் வேலை பார்ப்பதென்றால் இதன் இரு மடங்கு. வரம்பில்லை என்று எழுதியிருக்கும் திட்டங்களிலும் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரம்பு இருக்கும்; அதைத் தாண்டினால் வேகம் கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். ஆகவே ஓர் ஆளுக்குக் கணக்குப் போடுவதா, இருவருக்கா என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குத் தேவையானது எண் மட்டும்தான். ஏன் ஒன்று, ஏன் இரண்டு என்று கேட்கமாட்டேன். முன்பெல்லாம் "நாங்கள் சாப்பிட்டோம், நாங்கள் தூங்கப் போகிறோம்" என்பாய். இப்போது "சாப்பிட்டேன், தூங்கப் போகிறேன்" என்கிறாய். கணக்கு வாத்தியார் என்பதால் ஒருமை பன்மை தெரியாது என்று நினைத்துவிடாதே.

சரி, ஆண்டெனாவுக்கு வருகிறேன். போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுவது நாலு நாளைக்குத் தாங்கும், நாலு வாரத்துக்குத் தாங்காது; சூடேறி வேகம் குறையும், பேட்டரியும் கெடும். சிம் போடும் ரவுட்டரும், மாடியில் கோபுரத்தை நோக்கித் திருப்பிய ஆண்டெனாவும்தான் சரி. 4ஜி இரண்டு அலைப்பாதைகளைச் சேர்த்துப் பயன்படுத்துவதால் ஆண்டெனாவிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும். ஒன்றை மட்டும் செருகி மிச்சம் பிடிப்பதில் பயனில்லை. அந்தக் கேபிள் நீளமானால் மாடியில் பிடித்த அலையை வழியிலேயே இழப்போம். எனவே ரவுட்டரும் ஆண்டெனாவும் ஒன்றாகச் சேர்ந்து, மழை வெயில் தாங்கும்படி வரும் வகையை மாடியிலேயே பொருத்தி, அங்கிருந்து ஈதர்நெட் கேபிளைக் கீழே இறக்கப்போகிறேன். அது 100 மீட்டர் வரை பழுதில்லாமல் வரும், மின்சாரத்தையும் அதே கேபிளில் மேலே அனுப்பிவிடலாம். அலையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் வாங்கிப் போடச் சொல்லித் தம்பி வற்புறுத்தினான். அனுமதியில்லாத பூஸ்டரை வைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். நமக்கு நன்றாக வரும், கோபுரத்தையே குழப்பி அக்கம்பக்கத்தாருக்குக் கெடுத்துவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ சொன்ன செயற்கைக்கோள் இணையத்தையும் விசாரித்தேன். 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருவதில் ஒரு சொல் போய் மறுமொழி வர அரை வினாடிக்கு மேலாகும், கூட்டத்துக்கு ஒத்துவராது. 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவை விரைவாக இருக்கும். இங்கே கோபுரமே கைகொடுக்கும்போது அதற்கு அவசியமில்லை.

ஆண்டெனாவை மூங்கிலில் கட்டி நேற்றுத் திருப்பிப் பார்த்தேன். நீ பத்து வயதில் மாடியில் நின்று டிவி ஆண்டெனாவைத் திருப்ப, நான் கூடத்திலிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஐயோ போச்சு" என்று கத்துவேன். நீதான் சரியான திசையைப் பிடிப்பாய். தம்பிக்குப் பொறுமை கிடையாது. இப்போது கீழே இருந்து கத்த ஆளில்லை, திருப்பவும் நானே, படியிறங்கிப் பார்க்கவும் நானே. ஐந்து பாகை திருப்பினாலும் எண் மாறுகிறது. மழை பெய்த மறுநாள், இலையெல்லாம் ஈரமாக இருந்தபோது கிழக்குப் பக்கத்துக் கோபுரம் ஐந்து டெசிபல் குறைந்தது. மேற்கே மரமில்லை என்பதால் அதையே பிடித்திருக்கிறேன். அங்கே காலையில் 31 மெகாபிட், இரவு ஒன்பதுக்கு 11, பதிவேற்றம் எந்த நேரத்திலும் 5க்குக் குறையவில்லை.

ஆகக் கடைசியில் தேறியது என்னுடைய பழைய சிம்மின் சேவை. இத்தனை காலம் நான் குறை சொல்லிக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

நோட்டில் மாடிக்கு நேரே −97 என்று எழுதிய அன்று எனக்குக் கை ஓடவில்லை. அதற்கு வெகு முன்பே, அந்த வெள்ளிக்கிழமை இரவு நீ அழைத்தபோது நான் கூடத்தில் இல்லை. மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு மேற்கே, அதே இடத்தில்தான் நின்றிருந்தேன். நீ சொன்னதில் ஒரு சொல்கூட உடையவில்லை. நீ நடுவில் மூச்சு வாங்கியதும் கேட்டது. "கேட்கலைம்மா, இங்கே சிக்னல் இல்லை, அப்புறம் பேசு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ மறுபடி அழைத்தாய். மூன்றாவது முறை மணி அடித்தபோது போனை விமானப் பயன்முறையில் போட்டேன். கீழே இறங்கி வந்து, யார் என்று கேட்ட அம்மாவிடம் ராங் நம்பர் என்றேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் அடுத்த நாள், அதற்கடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டேன். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று புரியாததைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள் என்று முப்பத்திரண்டு வருடம் சொன்னவன், சொந்த மகள் திரும்பக் கேட்டபோது போனை அணைத்தேன். அம்மாவுக்கு இது இன்னும் தெரியாது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு அவளிடம் சொல்வதாக இருக்கிறேன்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்று நீ கேட்பாய். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, சில மணி நேரம் தாங்கும். கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் நம் கையில் ஒன்றுமில்லை. அதற்காக அம்மாவின் சிம்மை இரண்டாவதாக ரவுட்டரில் போட்டு வைக்கிறேன், அது வேறு கோபுரம். என் போன் எண் மாறாது, ரவுட்டருக்குத் தனி சிம் எடுத்துக்கொள்வேன். உன் அறையில்தான் கேபிளை இறக்கியிருக்கிறேன், ஜன்னலுக்கு இடதுபுறம், மேசைக்கு அருகில். வைஃபை கடவுச்சொல்லை நீ வந்து வைத்துக்கொள்.

மாதத் திட்டமும் இருக்கிறது, ஓராண்டுத் திட்டமும் இருக்கிறது. மாதத் திட்டத்தில் தொடங்கிப் பிடித்தால் நீட்டிக்கலாம் என்றுதான் யாருக்கும் சொல்வேன். உனக்கு மட்டும், எதுவானாலும் நீ சொல்வதை எடுக்கிறேன். ஆள் ஒன்றா இரண்டா, மாதமா ஆண்டா என்பதைப் போனிலேயே சொல். இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடியில்தான் இருப்பேன். போனில் எத்தனை கோடு தெரிந்தாலும் சரி, அங்கே எனக்குக் கேட்கும்.

அன்புடன்,
அப்பா