பெயர்ப் பட்டியலை வெட்டாதீர்கள்: தமிழ் அலைவரிசைகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நான் திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கும் ஆசிரியை. உங்களிடம் ஒரேயொரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். பாவைகள் நடிக்கும் நிகழ்ச்சி ஒன்றை நீங்கள் ஒளிபரப்பினால், கடைசியில் வரும் பெயர்ப் பட்டியலை முழுதாக ஓட விடுங்கள். வெளிநாட்டில் வாங்கித் தமிழில் குரல் கொடுத்ததாக இருந்தாலும் சரி, பண்டிகைக்காக நீங்களே எடுத்த நகைச்சுவை நிகழ்ச்சியாக இருந்தாலும் சரி. பாவையை இயக்கியவர் யார், குரல் யாருடையது, அதைத் தைத்தவர் யார் என்று வீட்டிலிருப்பவர்கள் வாசித்து முடிக்கக்கூடிய அளவிலும் வேகத்திலும் போடுங்கள்.

எல்லா நிகழ்ச்சிக்கும்தானே பெயர் போட வேண்டும், பாவைக்கு மட்டும் ஏன் தனிக் கோரிக்கை என்று நினைப்பீர்கள். தொடர் நாடகத்தில் நடிப்பவரின் முகம் தெரிகிறது. பெயர் வராவிட்டாலும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர் அவரை அடையாளம் கண்டுகொள்வார். பாவையை இயக்குபவருக்கு அந்த வழி இல்லை. மேடை என்றால் ஆட்டம் முடிந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து வந்து சபைக்குக் கும்பிடு போடலாம். தொலைக்காட்சியில் அவர் வெளியே வரக்கூடிய ஒரே வாசல் அந்தப் பட்டியல்தான். அதை நீங்கள் திரையின் மூலைக்குள் சுருக்கி, பக்கத்தில் அடுத்த நிகழ்ச்சிக்கான விளம்பரத்தை ஓடவிடும்போது அந்த வாசலும் அடைபட்டுப் போகிறது.

இந்த வேலையில் எத்தனை பேர் மறைந்திருக்கிறார்கள் என்பதை என் மாணவர்களுக்குக் காட்ட, உலகம் முழுதும் தெரிந்த ஒரு குழுவைத்தான் எடுத்துக்கொள்வேன். அமெரிக்கப் பாவைக் கலைஞர் ஜிம் ஹென்சனின் மப்பெட் குழு. பாவைகளை மட்டுமே நம்பி ஒரு வாராந்த நகைச்சுவை நிகழ்ச்சியா என்று அமெரிக்க அலைவரிசைகள் தயங்கியபோது, இங்கிலாந்தின் தொலைக்காட்சி முதலாளி லூ கிரேட் இந்தக் குழுவுக்கு இடம் கொடுத்தார். 1976 முதல் 1981 வரை எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் 120 நிகழ்ச்சிகள் எடுத்தார்கள். அங்கே அரங்குகளை ஆளுயரத்துக்கு உயர்த்திக் கட்டினார்கள். பாவைகள் நடந்து திரியும் தரைக்குக் கீழே ஆட்கள் நிற்பார்கள், ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி. தான் என்ன செய்கிறோம் என்பதைக் காலடியில் வைத்திருக்கும் சிறிய மொனிட்டரில்தான் பார்க்க வேண்டும். அது கண்ணாடி மாதிரிக் காட்டாது. கமரா பார்ப்பதை அப்படியே காட்டும். அதனால் பாவை இடது பக்கம் போக வேண்டுமென்றால் கை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒவ்வொரு நொடியும் மூளை மாற்றிக் கணக்குப் போட வேண்டும். கூடவே வசனம் பேச வேண்டும், வாயசைவு பிசகக் கூடாது, சிரிப்பு விழும் இடத்தில் நிறுத்தவும் வேண்டும். என் வகுப்பில் ஒரு காலுறையைக் கையில் மாட்டி, போன் கமராவைப் பார்த்தபடி இதைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கே தோள் உளைந்து கை தானாக இறங்கிவிடும்.

அந்த நிகழ்ச்சியில் ஒரு சுவீடன் சமையல்காரர் வருவார். மாவைத் தூக்கி எறிவார், கோழியைத் துரத்துவார். தலையும் குரலும் ஹென்சனுடையவை. கைகள் இரண்டும் குழுவின் இன்னொரு கலைஞரான ஃபிராங் ஓஸினுடையவை, கையுறைகூட இல்லாத உண்மையான மனிதக் கைகள். ஓர் உடம்பில் இரண்டு நடிகர்கள். பியானோ வாசிக்கும் ரோல்ஃப் என்ற நாயும் அப்படித்தான். தலையும் இடது கையும் ஒருவர், வலது கை இன்னொருவர். இப்படி ஒரு காட்சியில் 'நடித்தவர்' என்று ஒரு பெயரை மட்டும் போட்டால் பாதி நடிப்பு கணக்கில் வராது. பெயரே போடாவிட்டால் முழுதும் போய்விடும்.

தைத்தவர்களையும் சொல்ல வேண்டும். மிஸ் பிகி என்ற பன்றிச் சீமாட்டியை உலகமே அறியும். 1974இல் அவளை வடிவமைத்தவர் பொனி எரிக்சன் என்ற பெண் என்று சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? பாவையின் தலையில் தையல் தெரியாமல் இரண்டு துணிகளை இணைக்க, ஹென்சனுக்குப் பாவை செய்துகொடுத்த டொன் சாலின் ஒரு முறை கண்டுபிடித்தார். அதைத்தான் ஹென்சன் தையல் என்கிறார்கள். கண்டுபிடித்தவர் சாலின், பெயர் முதலாளிக்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெயர் எவ்வளவு சுலபமாக இடம் மாறிப் போகும் என்பதற்குச் சொல்கிறேன்.

டேவ் கோல்ஸ் என்பவரின் கதை என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஹியூலெட்-பக்கார்ட் கம்பனியில் கைத்தொழில் வடிவமைப்பாளராக இருந்தவர். பாவை செய்பவராக ஹென்சனிடம் போய்ச் சேர்ந்தார். பிறகு பாவைக்குள் கையை விட்டார். வளைந்த மூக்குள்ள கொன்சோவாக 1976இல் மப்பெட் நிகழ்ச்சியில் ஆடத் தொடங்கியவர், 2021இல் வந்த பேய்மாளிகை சிறப்பு நிகழ்ச்சியிலும் அதே கொன்சோவாக இருந்தார். அவருக்குத் துணையாக வந்த பெப்பே என்ற இறாலை இயக்கிய பில் பரெட்டா, அந்த நிகழ்ச்சியின் கதையை எழுதியவர்களிலும் ஒருவர். செய்தவர் நடிக்கிறார், நடிப்பவர் எழுதுகிறார். பட்டியலை வாசிக்காதவருக்கு இந்தத் தொழிலுக்குள் இப்படி ஒரு பாதை இருப்பதே தெரியாது. இங்கே நிலாவெளியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில், பிள்ளைகள் தொடர்பாடல் படிக்கிறார்கள். பாவை நடிகர், பாவை வடிவமைப்பாளர் என்று ஒரு வேலை இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதிய ஓர் எழுத்தோட்டத்தில் அவர்கள் பார்க்க வேண்டாமா?

உங்களில் சிலர் சொல்லும் ஒரு காரணத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஆளின் பெயரைப் போட்டால் சின்னப் பிள்ளைகளின் கற்பனை குலைந்துவிடுமாம். இதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். ஹென்சன் பேட்டி நிகழ்ச்சிகளுக்குக் கெர்மிட் தவளையைக் கையில் மாட்டியபடியே போவார். கை வெளியே தெரியும், உதடு அசைவதும் தெரியும். கேள்வி கேட்பவர் தவளையின் கண்ணைப் பார்த்துத்தான் கேட்பார். 1990இல் ஹென்சன் இறந்த பிறகு நியூயோர்க் பேராலயத்தில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், செசமி ஸ்ட்ரீட் என்ற சிறுவர் நிகழ்ச்சியின் பிக் பேர்ட் பறவை வேடத்தில் கரோல் ஸ்பின்னி வந்து கெர்மிட்டின் பாட்டைப் பாடினார். 8 அடி 2 அங்குல மஞ்சள் பறவைக்குள் இருப்பவர் யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை. அதனால் யாருடைய கண்ணீரும் குறையவில்லை. அதற்குப் பிறகு கெர்மிட்டை ஸ்டீவ் விட்மயர் ஏற்றார், 2017இலிருந்து மட் வோகல். ஆள் மாறியதைப் பார்ப்பவர்கள் கவனித்தார்கள், குரலை ஒப்பிட்டுப் பேசினார்கள், வாதாடினார்கள். பாவைக்குள் ஒரு கலைஞர் இருக்கிறார் என்று தெரிந்த சபை அது. அந்த மாதிரிச் சபையை நாமும் உருவாக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மப்பெட் நிகழ்ச்சியில் பெயர்கள் ஓடும்போது நகைச்சுவை முடிந்திருக்காது. பின்னால் இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும். மாடத்தில் இருக்கும் இரண்டு கிழவர்கள் நிகழ்ச்சியைத் திட்டிக் கடைசியாக ஒரு வார்த்தை சொல்வார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு இசைக்குழுவில் இருக்கும் சூட் என்ற பாவை தன் சாக்ஸபோனில் ஒரு சுரத்தை ஊதி முடிப்பார். பட்டியலை வெட்டுகிறவர் இந்தச் சிரிப்பையும் சேர்த்தே வெட்டுகிறார். நல்ல குழு தன் பெயர்ப் பட்டியலையும் நிகழ்ச்சியின் பாகமாகவே எழுதும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். எங்கள் பஸ் நிலையத்திலும் கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையிலும் புள்ளிமான்கள் திரிவது வந்து போனவர்களுக்குத் தெரியும். என் மாணவர்கள் அதை வைத்து ஒரு சின்ன நகைச்சுவை எழுதினார்கள். மூதூருக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒரு மான், டிக்கெட்டைத் தின்றுவிட்டு டிக்கெட் வாங்கினேன் என்று சாதிக்கிறது. கண்டக்டர் ஒருவர், கருவாட்டுப் பையோடு கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் காக்கா (அண்ணன்) ஒருவர், எதற்கெடுத்தாலும் நியாயம் கேட்கும் ஒரு காகம். பழைய மெத்தையின் ஸ்பொஞ்சை வெட்டி, மேலே யன்னல் சீலை போர்த்தித் தைத்த மான் அது. தலைக்கு ஒரு பிள்ளை, காதுக்கும் முன்னங்காலுக்கும் இன்னொரு பிள்ளை. வாங்குகளை அடுக்கிச் சீலை மறைத்து அதன் பின்னால் முழங்காலில் நின்று ஆடினார்கள். பாடசாலையில் ஆடியபோது முன்வரிசைக் குஞ்சுகள் சீலை விலகிய இடத்தில் அண்ணாமாரைக் கண்டார்கள், கண்ட பிறகும் மானிடம்தான் பிஸ்கட் நீட்டினார்கள்.

ஓர் அலைவரிசையிலிருந்து வந்து இதைப் பண்டிகை நிகழ்ச்சிக்காகப் பதிவு செய்தார்கள். அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். பிள்ளைகளின் பெயர்களையும், யார் எந்தப் பாவை என்பதையும் எழுதிக் கொடுத்தோம். ஒளிபரப்பில் தொகுப்பாளரின் பெயர் வந்தது, அவரது உடையைக் கொடுத்த கடையின் பெயர் வந்தது, அனுசரணையாளர்களின் பெயர்கள் பெரிய எழுத்தில் வந்தன. எங்கள் பிள்ளைகளுக்கு 'மாணவர்கள்' என்ற ஒரு சொல், அதுவும் கண்சிமிட்டும் நேரத்துக்கு. அயல் வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு வைத்திருந்த ஒரு தாய் அடுத்த நாள் என்னிடம் கேட்டார்: "உண்மையா இவன்தான் அந்த மானைச் செய்தவனோ ரீச்சர்?" மகன் பொய் சொல்லவில்லை என்பதை நான்தான் அவருக்கு உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. இந்த மடலை எழுத எனக்குத் தோன்றியது அந்தக் கேள்வியால்தான்.

நம்மிடம் இந்த மரியாதை இல்லாமல் இல்லை. கூத்து அறிவித்தல் துண்டை எடுத்துப் பாருங்கள். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார், மத்தளம், தாளம், ஒப்பனை, ஏடு பார்ப்பவர் வரை பெயர் இருக்கும். அம்பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களக் கயிற்றுப்பாவைக் குடும்பங்களின் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. தலைமுறை தலைமுறையாக இது எங்கள் குடும்பத்தின் கலை என்று அவர்கள் சொல்லிக்கொண்டு வந்ததால்தான் அது யாருடையது என்று உலகத்துக்குத் தெரிந்தது. மரப்பாவையை நாண் கொண்டு ஆட்டி உயிருள்ளது போல் மயக்குவதை வள்ளுவர் 1020ஆம் குறளில் சொல்லியிருக்கிறார். பாவை வருகிறது, நாண் வருகிறது, நாணைப் பிடித்த கை அங்கேயும் வரவில்லை! அவர் சொல்ல வந்தது வேறு விஷயம், அது சரி. உங்கள் பட்டியல் சொல்ல வேண்டியதே அந்தக் கையைப் பற்றித்தான்.

விளம்பர நேரம் கட்டாது என்று சொல்வீர்கள் என்பதும் தெரியும். நான் கேட்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. பாத்திரத்தின் பெயர், பக்கத்தில் இயக்கியவர், குரல் வேறு ஆளுடையது என்றால் அவர், பிறகு செய்தவர்களும் தைத்தவர்களும். வாங்கி ஒளிபரப்பும் நிகழ்ச்சி என்றால் மூலப் பட்டியலைத் தொடாமல் விட்டு, தமிழில் குரல் கொடுத்தவர்களையும் மொழிபெயர்த்தவரையும் அதன் பின்னால் சேருங்கள். வானொலி நாடகத்தில் ஊறிய எத்தனையோ குரல்கள் இன்று டப்பிங் அறைகளில் பெயரில்லாமல் பேசிக்கொண்டிருக்கின்றன. குழந்தைகளுக்கு அந்தக் குரல்கள் மாமா, மாமி மாதிரிப் பழக்கம், பெயர் மட்டும் தெரியாது. யூடியூபில் நிகழ்ச்சியை ஏற்றும்போது அதன் கீழே முழுப் பட்டியலையும் எழுதிவிடுங்கள். அதற்கு ஒரு சதமும் செலவில்லை, தேடுகிறவருக்கும் கிடைக்கும். நாளைக்கு அந்தப் பிள்ளை ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போகும்போது, இதோ என் பெயர் என்று காட்ட அது ஒரு சான்றாகவும் இருக்கும்.

வரும் தைப்பொங்கலுக்கு என் மாணவர்கள் மானை வைத்து இன்னொரு கதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முறை மான் கோணேசர் கோயிலுக்கு மலையேறுகிறது, காகமும் விடாமல் கூடவே போகிறது. பதிவு செய்ய யார் வந்தாலும் சந்தோஷமாக வரவேற்போம். கதிரை, மின்சாரம், தேநீர் எல்லாம் எங்கள் பொறுப்பு. பாத்திரம், கை, குரல், தையல் என்று பிரித்து, எழுத்துப் பிழை பார்த்து, தட்டச்சு செய்த பட்டியலும் உங்கள் கையில் தரப்படும். அது முழுதாகத் திரையில் ஓடும் என்று எழுத்தில் ஒரு வரி தாருங்கள், அடுத்த கிழமையே ஒத்திகைக்கு வரலாம்.

இப்படிக்கு,
நாடக ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.